மந்தமும் மகாயுத்தமும்: அமெரிக்காவும் நமது துறைமுகமும்
(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அமெரிக்க மக்கள் பொருளாதார மந்தத்தையும் இரண்டாம் மகாயுத்தத்தையும் எவ்வாறு கடந்தனர் என்பது பற்றிப் பேசும்படி உங்கள் செயலாளர் என்னைப் பணித்தார். அது பெருங்கடல். கடலைக் கடக்கக் கப்பல் வேண்டுமன்றோ? நமது துறைமுகத்துக்கே வந்த கப்பலொன்றில் ஏறிக்கொள்கிறேன்.

1944 மார்ச் மாத முடிவில் 'சரற்றோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் திருக்கோணமலைக்கு வந்து, பிரித்தானியரின் கீழைக் கடற்படையோடு சேர்ந்தது. ஏப்ரல் 19ஆம் நாள் அதன் விமானங்களும், 'இலஸ்ற்றியஸ்' என்ற பிரித்தானியக் கப்பலின் விமானங்களும் சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கின. கவனியுங்கள்: இலஸ்ற்றியஸ் பிரித்தானியக் கப்பலாயினும், அதிலிருந்த கோர்செயர்ச் சண்டை விமானங்கள் அமெரிக்கத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டு, 1941இல் நிறைவேறிய கடன்-குத்தகைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. தன் படைக்கும் நட்பு நாட்டின் படைக்கும் விமானம் செய்து கொடுக்கும் வல்லமை அத்தேசத்துக்கு அன்று இருந்தது.

அதற்குப் பதினோராண்டு முன்பு அதன் நிலை யாது? 1929இற் பங்குச் சந்தை வீழ்ந்தபின் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடுண்டன. 1933இல் உழைக்கக்கூடியவர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றனர். அவ்வாண்டு மார்ச் 4ஆம் நாள் பதவியேற்ற ரூஸ்வெல்ற், பசித்தவனுக்கு வேலை கொடுப்பது அரசினரின் கடமை என்று கொண்டு பல திட்டங்களைத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று இளைஞர்களாகிய உங்களுக்கு உவப்பானது. மணமாகாத இளைஞர்களை முகாம்களிற் சேர்த்து மரம் நடவும், பாதை வெட்டவும், மண்ணரிப்பைத் தடுக்கவும் விட்டார்கள். மாதம் 30 டொலர் சம்பளம். அதிற் பெரும்பகுதி, ஏறக்குறைய 25 டொலர், நேரே பெற்றோருக்குப் போய்விடும்! (இங்கே பெரியோர்கள் முகமலர்வதைக் காண்கிறேன்.) 1942 வரையில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் அம்முகாம்களிற் பணிசெய்தனர். 1935இல் முதியோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. இத்தனை செய்தும் 1940இல் வேலையின்மை நூற்றுக்குப் பதினான்குக்கு மேலிருந்தது. 1944இலே அது நூற்றுக்கு ஒன்றளவிற்கு இறங்கியது. இடையில் நேர்ந்தது யுத்தமே. மரம் நடுவதற்குக் கணக்குப் பார்த்த சட்டசபை, பீரங்கி வார்ப்பதற்குக் கணக்குப் பார்க்கவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். இன்னொரு கறையும் உண்டு. 1942 பெப்ரவரியில் அதே ரூஸ்வெல்ற் இட்ட கட்டளையினால், ஜப்பானிய வமிசத்தவர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் அமெரிக்கப் பிரசைகள். 1988இலேதான் அரசினர் மன்னிப்புக் கேட்டு நட்டஈடு வழங்கினர்.

அமெரிக்காவைக் குறைசொல்லுமுன் நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். இலங்கையில் 1931இலே இருபத்தொரு வயது வந்த யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அது மந்தத்தின் நடுவே வந்தது. தேயிலை, றப்பர், தேங்காய் மூன்றும் விலை விழுந்த காலம். 1934-35இல் மலேரியா கொள்ளைநோயாய் வந்து பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. வேலை குறைந்தால் மனிதன் முதலில் தேடுவது பழிபோட ஓர் அயலானை. 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்சம்பளத்துக்கு உழைத்த இந்தியத் தொழிலாளரை நீக்கத் தீர்மானித்தனர். அவ்வாண்டு யூலையில் நேரு இங்கு வந்து பேசியும் பயன் விளையவில்லை. இந்தியாவோ ஓகஸ்ட் முதல் தேதியிலிருந்து கூலித் தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. வாக்குரிமை பெற்ற சபையே இதைச் செய்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

பிறகு யுத்தம் நம் வாசலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு; 9ஆம் நாள் திருக்கோணமலை. துறைமுகத்திற் 'சகைங்' என்ற கப்பல் எரிந்தது. சீனன்குடாவில் எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றியது. ஜப்பானிய விமானமொன்று அதன்மேல் விழுந்ததாகச் சொல்வர். முதல்நாளிரவு இங்கிருந்து வெளியேறிய 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளைக் கண்ணாற் கண்டவர் இன்று வெகு சிலரே. யுத்தத்தில் மாண்டோர் துயிலும் மயானத்தை நிலாவெளி வீதியால் போகும்போதெல்லாம் காண்கிறோம்.

குண்டைவிட நெடுங்காலம் நின்றது அரிசிக் கவலை. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் கூப்பன் வந்தது. மரவள்ளியும் குரக்கனும் சட்டிக்கு ஏறின. யுத்தம் முடிந்தும் கூப்பன் போகவில்லை. மக்களுக்குச் சோறு மலிவாய்க் கொடுப்பது அரசினரின் பொறுப்பு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ரூஸ்வெல்ற் சட்டத்தாற் செய்ததை நம்மிடையே ஒரு கொத்து அரிசி செய்தது என்பேன்.

1957 ஒக்ரோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி மாறியதைக் கொண்டாடினோம்; கொண்டாடவேண்டியதே. ஆனால் டொக்யாட் சம்பளத்தில் உலைவைத்த வீடுகள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. யுத்தம் கொடுத்த வேலை யுத்தத்தோடு தேயும் என்பதை அமெரிக்கரைவிட இவ்வூரார் நன்கறிவர். அந்தச் சரற்றோகாவும் 1946இல் அணுகுண்டுச் சோதனையிலே பிக்கினித் தீவருகே மூழ்கடிக்கப்பட்டது.

எஞ்சியிருப்பவை சீனன்குடாக் காட்டில் நிற்கும் 99 குதங்கள். 2022 சனவரியில் அவற்றுள் 61ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த கம்பனிக்கும், 14ஐ லங்கா ஐஓசிக்கும், 24ஐக் கூட்டுத்தாபனத்துக்கும் என வகுத்தனர். இளைஞர்களே, அந்த உடன்படிக்கையைத் தேடியெடுத்து வாசியுங்கள். அங்கே எத்தனை வேலை வரும், யார் யாருக்கு என்று எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுங்கள்; நானும் வாசிக்கக் காத்திருக்கிறேன்.