வெற்று வட்டும் நிறைந்த பேரேடும்

(மைசூருவில் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நடத்தப்பட்ட பயிற்சியில் ஆற்றிய உரை)

1969-இல் இம்மைசூரு நகரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1991-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மொழியிலும் அச்சான நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்களைத் திரட்டிக் கணிப்பொறியில் ஏற்றுவது அதன் பணிகளுள் ஒன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளின் பொறுப்பும் இந்நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதன் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1991-ஆம் ஆண்டின் இஸ்கி தரக் குறியீட்டில் ஓர் எழுத்துக்குறிக்கு ஒரு பைட் தேவை. இடைவெளியையும் சேர்த்துச் சொல் ஒன்றுக்கு 10 பைட் எனக் கொண்டால், ஒரு மொழிக்கு 3 கோடி பைட் ஆகிறது. 1983-இல் வெளிவந்த ஐபிஎம் எக்ஸ்டி கணிப்பொறியின் வன்வட்டு ஒரு கோடி பைட்டுக்குச் சற்றே மிகுதியாகக் கொள்ளும். அத்தகைய வட்டுகள் மூன்று நிரம்பும் அளவு அது. இன்று கைப்பேசியில் எடுக்கும் சில படங்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆனால் 30 இலட்சம் சொற்களைத் தட்டச்சிட்டுப் பிழை திருத்தும் உழைப்பு இன்றும் அவ்வாறு சுருங்கிவிடவில்லை. வட்டின் விலை காலப்போக்கில் வீழ்ந்துள்ளது. அதில் ஏறிய உழைப்பின் மதிப்போ குறைவதில்லை. பொருளியல் பயின்றவன் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இதுவே.

தொடக்ககால வன்வட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தவுடன் பயன்படுத்தக்கூடிய பொருளன்று. கோடிடாத தாள்கட்டைப் பேரேடாக்குவதுபோல் அதனை ஆயத்தம் செய்ய வேண்டும். இப்பணி மூன்று படிகளைக் கொண்டது.

முதற்படி அடிநிலை ஃபார்மட். எக்ஸ்டி பொறியின் 10 மெகாபைட் வட்டில் 306 உருளைகள், 4 காந்தமுனைகள், தடம் ஒன்றுக்கு 17 துண்டங்கள், துண்டம் ஒன்றுக்கு 512 பைட் என்பது கணக்கு. இவற்றைப் பெருக்கினால் 1,06,53,696 பைட் வரும். இத்துண்டங்களுக்கு எண்ணிடும் வேலையைக் கட்டுப்பாட்டு அட்டை செய்தது. வட்டின் மேல் ஒட்டிய தாளில் பழுதுள்ள இடங்களின் உருளை எண்ணும் முனை எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை நாமே விசைப்பலகையில் உள்ளிட்டு, அவ்விடங்களில் எதுவும் எழுதப்படாதவாறு விலக்க வேண்டும்.

எண்ணிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. வட்டு நொடிக்கு 60 முறை சுழலும். ஒரு துண்டத்தைப் படித்து முடித்து அடுத்ததற்கு ஆயத்தமாவதற்குள் அத்துண்டம் முனையைக் கடந்துவிடும். மீண்டும் அது வர ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்து எண்ணிட்டால், ஒரு தடத்தைப் படிக்க ஏறத்தாழ 17 சுற்றுகள் ஆகும். ஆறு இடத்திற்கு ஒன்றாக எண்ணிட்டால் 6 சுற்றுகளே போதும். அதே வட்டு, அதே செலவு. ஆயினும் ஏற்பாட்டின் சிறப்பினால் வேகம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. நிர்வாகத்திற்கும் இது பொருந்தும்.

இரண்டாவது படி, வட்டைப் பிரிவுகளாக்குதல். ஒரு பிரிவு 32 மெகாபைட்டுக்கு மேற்படக் கூடாது என்ற வரம்பு, 1988-இல் டாஸ் 4.0 வரும்வரை பொதுவாக நிலவியது. மூன்றாவது படிதான் ஃபார்மட் என்னும் கட்டளை. எந்தக் கோப்பு எங்குள்ளது எனக் காட்டும் ஒதுக்கீட்டு அட்டவணையையும் அடைவையும் அது வெறுமையாக எழுதி வைக்கும்.

புது வட்டுக்கு இக்கட்டளை தொடக்கம். நிறைந்த வட்டுக்கோ அதுவே முடிவு. நெகிழ்வட்டை ஆயத்தம் செய்யவும் இதே சொல்லையே தட்டச்சிட வேண்டும். இரண்டிற்கும் வேறுபாடு ஓர் எழுத்துதான். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஓர் அலுவலகத்தில் இதனை நேரில் கண்டேன். ஊழியர் ஒருவர் 'ஏ' என்பதற்குப் பதிலாக 'சி' எனத் தட்டி, திரையில் தோன்றிய எச்சரிக்கையைப் படியாமலே 'ஆம்' என விடையளித்தார். பல வாரங்களாகப் பதிந்த பட்டியல்கள் அடைவிலிருந்து மறைந்தன. பதற்றத்தில் உடனே மென்பொருள்களை மீண்டும் அவ்வட்டிலேயே ஏற்றினோம். பெரிய தவறு அதுதான் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

ஏனெனில், அக்காலத்து டாஸ் வன்வட்டை ஃபார்மட் செய்கையில் பெரும்பாலும் அட்டவணையையும் அடைவையும் மட்டுமே மாற்றியது. தரவுகளை அது அழிக்கவில்லை. நூலகத்தின் அட்டைப்பட்டியல் எரிந்தாலும் நூல்கள் அலமாரியில் இருப்பது போன்ற நிலை அது. 1991-இல் வந்த டாஸ் 5, ஃபார்மட்டை மீட்டெடுக்கும் கட்டளையையே உடன் தந்தது. நாங்கள் புதிதாக எதையும் எழுதாமல் பொறியை நிறுத்தியிருந்தால், ஒரு பகுதியேனும் மீண்டிருக்கக்கூடும். காகிதப் பதிவேடுகள் கைவசம் இருந்தமையால் மறுபடியும் தட்டச்சிட்டோம். மூலப்படியே கணிப்பொறியில் மட்டும் இருக்கும் இன்றைய நிலையில் அவ்வழியும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபார்மட் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கழிவு செய்யப்பட்ட கணிப்பொறியை ஏலத்தில் விடும் அலுவலகம், குடிமக்களின் விவரங்களையும் சேர்த்தே விற்கக்கூடும். காக்க எண்ணும்போது ஃபார்மட் அழிக்கிறது. அழிக்க எண்ணும்போது அது காத்து வைக்கிறது. கருவியின் இயல்பை அறியாதவர்க்கு இருவகையிலும் இழப்பே.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணிப்பொறி உருவாக்கும் பொருளையும் ஆவணம் என்றே கொள்கிறது. வகுக்கப்பட்ட நெறிமுறைப்படி அன்றி மத்திய அரசின் எந்தப் பொது ஆவணத்தையும் அழிக்கலாகாது. ஆகவே நிறைந்த வட்டை ஃபார்மட் செய்வது, பேரேட்டைத் தீயிலிடுவதற்கு ஒப்பான நிர்வாகச் செயலாகும். அதனை இயந்திரப் பராமரிப்பு என்று மட்டும் கருதி விட்டுவிடலாகாது.

எனவே அலுவலர்களுக்கு நான் கூற விரும்புவன மிகச் சில. நகல் எடுங்கள், அந்நகல் திறக்கிறதா என்று வேறொரு பொறியில் சோதியுங்கள். ஃபார்மட்டுக்கு எழுத்து வடிவில் ஆணை பெறுங்கள். இருவர் முன்னிலையில் அதனைச் செய்யுங்கள். தவறு நேர்ந்தால் முதலில் கையை எடுங்கள்; வட்டில் எதையும் எழுதாதீர்கள். கழிவு செய்யும் வட்டை முழுவதும் மேலெழுதியோ உடைத்தோ அனுப்புங்கள்.

மாணவ நண்பர்களே, இன்றைய வட்டுகளுக்கு அடிநிலை ஃபார்மட்டைத் தொழிற்சாலையே செய்துவிடுகிறது. பழுதுப் பட்டியலைக் கையால் உள்ளிடும் வேலை உங்களுக்கு இல்லை. ஆனால் 'ஆம்' என்ற விசையை அழுத்துமுன் திரையில் உள்ளதைப் படிக்கும் பொறுப்பை எந்தத் தொழிற்சாலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது இன்னும் நம்மிடமே உள்ளது.