வள்ளத்து இயந்திரம் இயங்க மறுத்தால்



தெருவிலே நின்றுபோன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம். கடலிலே நின்றுபோன வள்ளத்தை அவ்வாறு தள்ளிக்கொண்டு வர இயலாது. காற்றும் நீரோட்டமும் எத்திசையில் இழுக்கின்றனவோ அத்திசையில் அது போகும். பாக்குநீரிணையில் 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கை வகுத்த எல்லைக்கோடு நீரின்மேல் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இயந்திரம் ஓய்ந்த வள்ளம் இரவிலே அக்கோட்டைத் தாண்டிவிட்டால், விடியும்போது வேற்று நாட்டுக் காவலர்முன் விளக்கஞ் சொல்லவேண்டியவன் அந்த ஏழை மீனவனே. அவன் வீட்டுப் பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடம் வரமாட்டார்கள். இது காரணமாகவே, இயந்திரவியல் கல்லாத பள்ளிக்கூட அதிபனாகிய நான் இப்பொருள் பற்றிப் பேசத் துணிந்தேன். கலைப்பட்டதாரியான எனக்கு இதிற் பாடஞ் சொல்லித் தந்தவர்கள், கரையோரப் பள்ளிக்கூடங்களில் என்னிடம் பயின்ற மாணவர்களின் தந்தைமார்.

வள்ளத்தின் பின்பக்கத்திற் பூட்டும் இவ்வெளியிணைப்பு இயந்திரத்தை 1909 ஆம் ஆண்டில் வாணிக முறையிற் செய்து வெற்றி கண்டவர், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர். அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. எனினும், கயிற்றை இழுத்து முடுக்கும் பழைய இரண்டடிப்பு இயந்திரங்கள் நம் கரைகளில் இன்றும் உழைக்கின்றன. அவை முதுமையால் மறுப்பது குறைவு. சிறு காரணங்களால் மறுப்பதே மிகுதி.

இயங்க மறுத்தவுடன் பெரும்பாலோர் செய்வது யாது? கயிற்றை இழுக்கிறார்கள். மீண்டும் இழுக்கிறார்கள். இருபது முறை இழுத்துக் கை ஓய்ந்தபின், இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். இதனால் விளைவது இரண்டு: மனிதன் களைத்துப்போகிறான், உள்ளே பெற்றோல் நிரம்பி, முன்னர் இல்லாத ஒரு புதிய குற்றமும் சேர்ந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த முதிய சம்மாட்டியார் ஒருவர், ஐந்தாறு இழுவைக்குமேல் எவரையும் இழுக்க விடமாட்டார். "தம்பி, கயிற்றை விடு. பிளக்கைக் கழற்று. அது சொல்லும்," என்பார்.

பிளக்கு என்ன சொல்லும் என்பதற்கு முன், அதனையுங் கழற்றாமலே பார்க்கக்கூடியவை சில உண்டு. தாங்கியின் மூடியிலே காற்றுப் புகுவதற்கென ஒரு சிறு திருகாணி இருக்கும். அது மூடியிருந்தால் எரிபொருள் வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் காற்று வராது; சிறிது தூரம் ஓடிய இயந்திரம் மூச்சடைத்து நின்றுவிடும். இத்திருகாணியைத் திறந்த அளவில் உயிர்பெற்ற இயந்திரங்கள் பல. அடுத்து, குழாயின் நடுவிலுள்ள இறப்பர்க் குமிழைப் பிசைந்து பாருங்கள். அதிலுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கவேண்டும். சில தடவை பிசைந்தவுடன் குமிழ் இறுகவேண்டும். இறுகாவிட்டால், தாங்கி வெறுமையாயிருக்கிறது, அல்லது குழாயின் பொருத்திலே காற்றுப் புகுகிறது, அல்லது குமிழின் வால்வு பழுது. கியர் நடுநிலையில் உள்ளதா, நிறுத்தும் பொத்தானோடு இணைத்த பாதுகாப்புக் கயிறு இருக்குமாயின் அது மாட்டியிருக்கிறதா என்பவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்க.

இனி, பிளக்கு. விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியன், மாணவன் எழுதாமல் விட்டானா, எழுதித் தவறினானா என்பதையே முதலிற் பார்ப்பான். பிளக்கும் அவ்வாறே. சோக்கை இழுத்துச் சில முறை முடுக்கிய பின்னும் பிளக்கின் முனை உலர்ந்திருந்தால், எரிபொருள் உருளைக்கு வந்து சேரவில்லை. மின்பொறியைக் குறைகூறிப் பயனில்லை. முனை பெற்றோலால் நனைந்திருந்தால், எரிபொருள் வந்திருக்கிறது. பொறி இல்லை, அல்லது எரிபொருள் மிகுந்துவிட்டது. நீர்த்துளி தென்பட்டால் எரிபொருளில் நீர் கலந்திருத்தல் கூடும். கண்ணாடிப் போத்தலிலே சிறிது பிடித்து அசையாமல் வைத்தால், பெற்றோலினுங் கனமான நீர் அடியிலே தனியே நிற்பதைக் காணலாம். இந்த ஒரு சோதனை பாதி வழியை அடைத்துவிடுகிறது. தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது.

எரிபொருள் வராத இயந்திரத்தில் ஐயத்திற்குரியது காபரேற்றர். வாடைக்காற்றுக் காலத்தில் வாரக்கணக்காகக் கரையேற்றி வைத்த இயந்திரங்களில் இக்குறை மிகுதி. காபரேற்றரில் எஞ்சிய பெற்றோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு நுண்டுளைகளில் உறைந்துவிடுகிறது. 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடையாது வள்ளங்கள் கரையிற் கிடந்த நாட்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிக் கிடந்த இயந்திரம் முதல் இழுவையில் இயங்காவிடின் வியப்பில்லை. காபரேற்றரைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். நுண்டுளையைக் கம்பியாற் குத்துவோர் உண்டு. அது தவறு, துளை பெருத்து அளவு கெடும். காற்றை ஊதியே சுத்தஞ் செய்க.

மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போர்க்குத் தனியே ஒரு சொல். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற்றான் பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சற்றே ஓடவிடவேண்டும். இதனைச் செய்யாது மாலையில் நிறுத்தியவர், காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய் கிடக்க, மறுநாள் அதிகாலையிற் கயிற்றோடு போராடுவார்.

பிளக்கு நனைந்து, பெற்றோல் மணமும் வீசினால், குழாயைக் கழற்றிவிட்டுச் சோக்கை முழுதும் விலக்கி, பிளக்கில்லாமலே சிலமுறை இழுத்து உருளையைக் காற்றாட விடுங்கள். பிளக்கைத் துடைத்து உலர்த்திப் பூட்டுங்கள். பெரும்பாலும் இதனோடு காரியம் முடியும்.

முடியாவிட்டாற் பொறியைப் பார்க்கவேண்டும். பிளக்கை அதன் கம்பியோடு இணைத்து, துளைக்குத் தூரமாக, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் வர்ணமற்ற உலோகத்தைத் தொடுமாறு வைத்து, மற்றொருவரைக் கயிற்றை இழுக்கச் சொல்லுக. துளை வழியே பெற்றோல் ஆவி வரும். சுருட்டுப் புகைத்தபடி இச்சோதனையைச் செய்வது வேண்டாம். நீல நிறத்தில் வலிமையாகத் தெறித்தால் நன்று. மஞ்சளாய் மெலிந்தால் ஐயம். ஒன்றும் இல்லையேல், முதலிற் புதுப் பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அதன்பின், நிறுத்தும் பொத்தானிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றால் அக்கம்பி அரிக்கப்பட்டு உலோகத்தைத் தொட்டால், எவரும் பொத்தானை அழுத்தாமலே பொறி அணைந்துவிடும். கம்பி கழற்றிய நிலையிற் பொறி வந்தால் குற்றவாளி அகப்பட்டான். அதுவும் பயன் தராவிடின், பிளைவீல் என்னும் கனத்த சில்லின் கீழுள்ள பொயின்றுகளும் கொயிலும் எஞ்சும். மிகப் பழைய இயந்திரங்களில் பொயின்றுகள் பாசி பிடித்தாற்போற் கறுத்திருக்கும்; கொயிலின் மேற்பூச்சு வெடித்திருக்கும். சில்லைக் கழற்றத் தக்க கருவி வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்ற முனைவோர் பொயின்றைத் திருத்தி அச்சை வளைத்துவிடுவர். இது கரையிலே கைதேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை.

எரிபொருளும் உண்டு, பொறியும் உண்டு, ஆயினும் இயங்கவில்லையென்றால் உருளையின் அழுத்தம் குறைந்திருக்கலாம். பிளக்குத் துளையைப் பெருவிரலால் அடைத்து இழுக்கும்போது காற்று விரலைத் தள்ளவேண்டும். இரண்டு உருளைகளும் ஏறத்தாழ ஒரே வலிமையோடு தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் செலவு பெரிது.

கடலில் விழுந்தெடுத்த இயந்திரம் வேறு கதை. அதனை வெயிலிற் காயவைப்பது கேடு. நன்னீராற் கழுவி, பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் ஊற்றி, அன்றே இயக்கிவிடவேண்டும். மணல் புகுந்திருந்தால் மட்டும் சுழற்றாமற் பிரித்துக் கழுவுதல் தகும். கரையிற் சோதிக்கும்போது அடிப்பகுதியை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்குக. நீரின்றி ஓட்டினால் நீரிறைக்கும் இறப்பர்ச் சில்லு கருகும்.

கடலிலே நின்றுவிட்டால், ஆழம் இடங்கொடுக்குமாயின், மூடியைத் திறக்குமுன் நங்கூரத்தை இறக்குங்கள். நீங்கள் பிளக்கைத் துடைக்கும் அரைமணி நேரத்தில் வள்ளம் வெகுதூரம் போயிருக்கும். துடுப்பு வள்ளத்திலேயே இருக்கட்டும். மூடியுள்ள தகரப் பெட்டியொன்றில் இரண்டு புதுப் பிளக்குகளும், பிளக்குச் சாவியும், உலர்ந்த துணியும், ஒரு பாகம் நீளக் கயிறும் வைத்திருங்கள். இழுகயிறு அறுந்துபோனால், மேல்மூடியைக் கழற்றி, முடிச்சிட்ட அக்கயிற்றைச் சில்லின் விளிம்பிலுள்ள வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்கலாம். அப்போது கியர் நடுநிலையில் இருப்பதை இருமுறை பார்த்துக்கொள்க. வழக்கமான இழுகயிற்றிலுள்ள காப்பு அவசரக் கயிற்றுக்கு இல்லை. கியரிற் கிடந்த இயந்திரம் உயிர்பெற்ற கணமே வள்ளம் பாயும், நின்றுகொண்டு இழுப்பவர் நீரில் விழுவார்.