படிப்பும் பருமனும்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பிரசவ வார்டைப் பற்றியோ புதிய எக்ஸ்ரே கருவியைப் பற்றியோ பேசப் போகிறோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நாங்கள் பேச விரும்புவது நம் இடுப்புச் சுற்றளவைப் பற்றி.

ஒரு காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரிகளின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் மெலிந்தவர்கள். பட்டினியும் காசநோயும் கொக்கிப்புழுவும் அவர்களை உருக்கின. இன்று வரிசையில் நிற்போரின் கையில் சர்க்கரை நோய்க்கான சீட்டு இருக்கிறது. முழங்காலில் வலி இருக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கில் இது 31, 28 ஆக இருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் இந்த ஏற்றம்!

"படிக்காத ஜனங்கள், ஆரோக்கியம் பற்றித் தெரியாமல் உண்கிறார்கள்" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். காரியம் அவ்வளவு எளிதல்ல. சோபல், ஸ்டங்கார்ட் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இருவர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 1989இல் வெளியிட்டனர். செல்வ நாடுகளில் படிப்பும் வசதியும் குறைந்த பெண்களிடையே பருமன் அதிகம்; ஏழை நாடுகளிலோ வசதியுள்ள பெண்களிடையே அதிகம். அப்படியானால் படிப்பு ஓரிடத்தில் காக்கிறது, மற்றோரிடத்தில் காக்கவில்லை. ஏன்?

படிப்பு நமக்கு முதலில் கொடுப்பது ஒரு நாற்காலி. வயலில் குனிந்து நாற்று நட்டவரின் மகள் பள்ளிக்குப் போனாள், ஆசிரியையானாள், அலுவலகத்தில் அமர்ந்தாள். அதற்காகத்தானே உங்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தீர்கள்! அதில் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் அவள் தட்டில் விழும் சோறு மட்டும் நாற்று நட்டவரின் அளவிலேயே இருந்துவிட்டது. அதோடு நான்கு வேளை டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் நாளுக்கு எட்டுக் கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. பிஸ்கட்டையும் மிக்சரையும் நாங்கள் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

நாற்காலி என்ன செய்யும் என்பதற்கு லண்டன் பஸ்கள் சாட்சி. டாக்டர் மோரிஸும் அவருடைய கூட்டாளிகளும் மாடி பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்தார்கள். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களுக்கு, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று 1953இல் எழுதினார்கள். 1956இல் சீருடைக் கணக்கைப் பார்த்தார்கள்: டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. ஒரே கம்பெனி, ஒரே பஸ். இருவருக்கும் நடுவே பள்ளிப்படிப்பில் பெரிய தூரம் இருந்திருக்க முடியாது. உட்காருவதில்தான் வேறுபாடு. (டிரைவராகச் சேர்ந்தபோதே பருத்தவர்கள் இருந்திருக்கலாம் என்ற கேள்வியும் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான்.)

நம் பெண்களின் நிலை இன்னும் கடினம். "நடங்கள் அம்மா" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். எங்கே நடப்பது? விடியுமுன் சமையல், பிறகு பஸ், வேலை, மறுபடியும் சமையல். மாலையில் தெருவில் சும்மா நடந்தால், "இவளுக்கு வீட்டில் வேலையில்லையா?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். ஐம்பது வயதில் சேலையோடு தெருவில் வேகமாக நடக்க வெட்கப்படும் தாயை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். மீந்த சோற்றை வீணாக்கக் கூடாதென்று கடைசியில் தானே சாப்பிட்டு முடிப்பவளும் அவள்தான். "வாயைக் கட்டு" என்று அவளை அதட்டுவது வைத்தியம் அல்ல.

இன்னொன்று. "நான் பருமனில்லை, தொப்பை கொஞ்சம் உண்டு" என்போர் கவனிக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரும் தங்கள் படத்தையே 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். படிப்பில் இருவரும் பேராசிரியர்கள்! நம் இந்திய உடல் கொழுப்பை வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிறது. ஆகவேதான் இங்கே ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம், முப்பத்தொன்றரை அங்குலம். சேலை கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஒரு முடிச்சிட்ட கயிறு போதும். முடிச்சு எட்டாவிட்டால் டாக்டரிடம் வரவேண்டும் என்று அவருக்கே விளங்கும். நாங்கள் சொல்லும் படிப்பு இது.

இம்முறை உங்களிடம் பணம் கேட்கவில்லை. மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை உங்கள் ஆலய வளாகத்தின் கேட்டைத் திறந்து வையுங்கள், விளக்கைப் போடுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள், எந்த மதத்தாரானாலும், கேலியில்லாமல் சுற்றி நடக்கட்டும். வாரம் 150 நிமிட நடை போதும்; ஐந்து நாள், அரை மணி. பண்டிகை விருந்தில் பிரியாணிக்கு நாங்கள் விரோதிகள் அல்ல, ஆனால் கேசரியை ஒரு கரண்டியோடு நிறுத்தப் பரிமாறுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நம் நர்ஸ் சகோதரிகள் இருவர் டேப்புடன் வாசலில் நிற்பார்கள். ஆண்களுக்கு இடப்பக்கம், பெண்களுக்குத் திரைக்குப் பின்னால். போதகர் ஐயா முதலில் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.