ஆசிரியரின் துணிவு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்மைக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பள்ளிக்கு வெளியே நின்று பார்ப்பவரின் சொல்லாகவே இதனைக் கொள்ள வேண்டுகின்றோம்.

நம் ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வேலையில் சேர்ந்தபோது கற்றதோடு விடப்படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, புசாவல் போன்ற ஊர்களில் உள்ள மண்டலப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, மீண்டும் மாணவராய்ப் பெஞ்சில் அமர வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் உடையவர்க்கும் விலக்கில்லை. அதனை எவரும் அவமானமாகக் கருதுவதுமில்லை. புதிய விதிகளை அறிந்து, ஐயம் நீங்கியவராய் அவர் திரும்புகின்றார். வண்டிக்கு வேண்டிய இவ்வெச்சரிக்கை வகுப்பறைக்கு வேண்டாவா?

இது புதிய எண்ணமன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, ஆசிரியர்களுக்குப் புத்தறிவுப் பயிற்சி வகுப்புகளும் கருத்தரங்குகளும் வேண்டுமென்று 1953-இலேயே கூறியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இத்தகைய பயிற்சி பெற வேண்டும் என்கின்றது. வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு மணிதான். ஆனால், அந்த மணி எவ்வாறு கழிகின்றது என்பதே கேள்வி. ஒருவர் பேச, மற்றவர் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவது பயிற்சியாகாது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்ததைப் பாருங்கள். 2003-ஆம் ஆண்டளவில் அப்பள்ளி ஆசிரியர்கள், ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அண்மையிலுள்ள ரிஷி வேலிக்குச் சென்றனர். அங்குள்ள கிராமப் பள்ளிகளில் குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு, தத்தம் வேகத்தில் கற்பதை நேரில் கண்டனர். மீண்டு வந்து தம் பள்ளிகளுக்கேற்ற அட்டைகளை உருவாக்கினர். பிற ஆசிரியர்க்கும் கற்பித்தனர். 2007-இல் அம்முறை தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. அதில் குறை கண்டோரும் உண்டு. பின்னாளில் அது மாற்றமும் பெற்றது. எனினும், தாமே கண்டு, செய்து பார்த்து, பிறர்க்கும் காட்டிய ஆசிரியரிடத்தில் துணிவும் தலைமையும் தாமாகவே வளரும் என்பதை அது காட்டிற்று.

இனி, நம் வீட்டிற்கு வருவோம். ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் தமிழ் வகுப்பு நடக்கின்றது. கற்பிக்கும் சகோதரியர் மூவரும் பயிற்சி பெற்றவரல்லர், தமிழ்ப்பற்றால் வந்தவர்கள். சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவர், கரும்பலகையில் 'முயற்சி' என்னும் சொல்லில் ஒரு 'ச்' மிகுதியாக எழுதிவிட்டார். பிள்ளைகள் எதிரிலேயே அதனை உரத்துத் திருத்தியவர் வேறெவருமல்லர். இங்கு உரையாற்றும் நாமே. மறுவாரம் அவர் வரவில்லை. இரண்டு மாதம் அவ்வகுப்பு நடக்கவில்லை. பின்னர் அவர் இல்லம் சென்று பிழை பொறுக்க வேண்டினோம்.

"அண்ணா, தவறிவிட்டேன் என்பதற்காக நான் நிற்கவில்லை. அடுத்த பாடத்தை எப்படி நடத்துவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒருவருமில்லை" என்றார் அவர்.

அச்சொல் எம்மை உறங்கவிடவில்லை. பிழையைச் சுட்ட ஆள் இருந்தோம். துணை நிற்க ஆள் இல்லை.

ஆதலின், மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். மாதம் ஒரு ஞாயிறன்று, ஒருவர் பாடம் நடத்த மற்ற இருவரும் உடனிருந்து பார்த்து, பின்னர் மூவரும் கலந்து பேசட்டும். அந்நேரம் அவர்தம் குழந்தைகளை நம் வீடுகளில் பார்த்துக்கொள்வோம். நம் காலனியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்கள், குறை கூறவன்றித் தோள் கொடுக்க வரவேண்டும். பாடத்தை எவ்வாறு நடத்துவது என்னும் முடிவை ஆசிரியையரிடமே விட்டு, சொல்ல வேண்டியதைத் தனியே சொல்வோம்.

தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நம் மக்களுக்குத் தமிழ் எழுத்து கிட்டுவது அம்மூவர் கையால்தான். அக்கை நடுங்காதிருக்கச் செய்வது நம் கடமை.