வேதாரண்யத்துக் கல்லுப்பு

பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்கிழக்குக் கடற்கரை வேதாரண்யம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். அந்த மண்ணின் கல்லுப்பைச் சிலர் இன்று மருந்தாகவே பேசுகிறார்கள்; கடலின் தாதுக்கள் அத்தனையும் அதில் இருக்கிறதாம். உப்பளத்து வேலையைக் கவனித்தால் இந்தப் பேச்சு நிற்காது. கடல்நீர் பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டும்போது முதலில் ஜிப்சம் போன்றவை படியும், பிறகு உப்பு விளையும். மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை அதற்குமேல் சுண்டவிடாமல் வடித்துவிடுவார்கள். ஆக, அந்தத் தாதுக்களை விலக்குவதில்தான் தொழிலாளியின் கைத்திறனே இருக்கிறது! மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, தூள் உப்பில் இருக்கும் அதே பொருள்.

முன்னோர் கல்லுப்பைத்தானே சாப்பிட்டார்கள் என்று கேட்கலாம். சாப்பிட்டார்கள், வயலில் நாள் முழுக்க வியர்வையும் சிந்தினார்கள். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையும் அன்று இருந்தது. கடல்நீரில் அயோடின் உண்டு என்றாலும் விளைந்த உப்பில் தங்குவது மிகச் சொற்பம். அதனால்தான் அயோடினைத் தனியாகச் சேர்க்கிறார்கள்; அயோடின் கலந்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. கல்லுப்புக்கு ஒரு நன்மையை ஒப்புக்கொள்ளலாம்: கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால், ஒரு கரண்டியில் தூள் உப்பைவிடக் குறைந்த எடையே பிடிக்கும். ஆனால் எந்த உப்பானாலும், பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.