ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு பள்ளிக்கூடம்

(ஒலி வடிவில் பேசியதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு வலசை போற பட்டாம்பூச்சிகளைப் பத்திப் பேசலாம். முக்கியமா, சேலம், நாமக்கல் சமவெளியில் இருக்கிற கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? கேக்கறவங்கள்ல ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கீங்க. உங்களை மனசுல வச்சுத்தான் பேசறேன்.

பட்டாம்பூச்சி வலசைன்னு சொன்னதும் எல்லாரும் மொனார்க் கதையைத்தான் சொல்வாங்க. கனடாவில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் கிளம்பி, நாலாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பறந்து, மெக்சிகோ மலைக்காட்டில் போய் குளிர்காலத்தைக் கழிக்கிற பூச்சி. அது எந்தக் காட்டுக்குப் போகுதுங்கிற விஷயம் 1975-இல்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிய வந்தது. அதுக்கு உதவினது யாருன்னு பார்த்தா, றெக்கையில் சின்னச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்ட ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்க. நல்ல கதை. ஆனா நம்ம வகுப்பில் அதோட நிறுத்திட்டா, வலசைங்கிறது எங்கேயோ வெளிநாட்டில் நடக்கிற அதிசயம்னு பிள்ளைங்க முடிவு பண்ணிடுவாங்க. அது அவங்க தலைக்கு மேலேயே நடக்குது. அதைச் சொல்லணும்.

நம்ம ஊர் நிலவரம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதுக்கு முன்னாடி, ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான காலத்தில், பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே கிளம்பும். சமவெளியைத் தாண்டி ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சமலை, கல்வராயன் மலைன்னு கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வரும். அப்புறம் செப்டம்பரில் இருந்து நவம்பர் வரைக்கும், இங்கே வடகிழக்குப் பருவமழை வர்ற நேரத்தில், மறுபடி மேற்கே நீலகிரி, கோவை மலைகளை நோக்கிப் போகும். இந்தப் பயணத்தைப் பத்தி கிருஷ்ணமேக் குண்டே 2005-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கார். போறதில் முக்கியமானவை நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், இரட்டைவரிக் கருப்பன்.

வரைபடத்தில் பாருங்க. கிழக்கே ஒரு மலை, மேற்கே ஒரு மலை, நடுவுல நம்ம பிள்ளைங்க படிக்கிற ஊர்கள். சேலத்தில் இருந்து கோவைக்கு ரோட்டு வழியாவே சுமார் 160 கிலோமீட்டர். அரை கிராம்கூட எடை இல்லாத பூச்சி அந்த மாதிரி தூரத்தைக் காத்தோட மல்லுக்கட்டிக் கடக்கணும்.

நாமக்கல் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். நிறைய வீட்டில் யாராவது லாரி ஓட்டுவாங்க, இல்லைன்னா பாடி கட்டற பட்டறைக்குப் போவாங்க. ‘லாங் டிரிப் போற லாரிக்கு என்னெல்லாம் வேணும்?’னு கேளுங்க. டீசல்ம்பாங்க, தாபாம்பாங்க, ராத்திரி நிறுத்த இடம்பாங்க. பட்டாம்பூச்சிக்கும் அதேதான். உடம்பில் சேத்து வச்ச கொழுப்புதான் டீசல். வழியில் பூக்கிற செடிதான் தாபா. நிழலும் ஈரமும் இருக்கிற ஓடைக்கரைதான் வண்டி நிறுத்தற இடம். போய்ச் சேர்ற மலைக்காடு அன்லோடிங் பாயிண்ட். இதில் ஒண்ணு இல்லைன்னாலும் டிரிப் நடக்காது. காடு எதுக்கு வேணும், வழி எதுக்கு வேணும்னு ரெண்டு கேள்விக்கும் பிள்ளைங்களே பதில் சொல்லிடுவாங்க.

அடுத்தது செடி. தரிசில் கிடக்கிற கிலுகிலுப்பையும், குளத்தோரம் முளைக்கிற தேள்கொடுக்கும் நமக்குக் களை. இந்த வரியன், கருப்பன் வகைகளுக்கு அது மருந்துக்கடை. ஆண் பூச்சிகள் அந்தச் செடிகளில் இருந்து சில வேதிப்பொருளை உறிஞ்சி எடுக்கும். இணையை ஈர்க்கிற வாசனைக்கு அது வேணும். எதிரிக்குக் கசக்கவும் அது உதவும். பிடுங்கிப் போட்ட தேள்கொடுக்கை வாடவிட்டு, பள்ளி வேலியில் கட்டித் தொங்கவிடுங்க. சீசன் நேரத்தில் பூச்சிகள் அதில் வந்து மொய்க்கிறதைப் பிள்ளைங்க கண்ணால பாக்கலாம். ரெண்டுமே நச்சுச் செடி. தொட்டா கை கழுவணும், வாயில் வைக்கக் கூடாது. இதை முதல்லயே சொல்லிடுங்க.

இப்ப அரளிக்கு வருவோம். பனமரத்துப்பட்டி பக்கம் அரளி எவ்வளவு பெரிய விவசாயம்னு உங்களுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடி மொட்டுப் பறிச்சுட்டு அப்புறம் பள்ளிக்கூடம் வர்ற பிள்ளைங்களும் உண்டு. வெண்புள்ளிக் கருப்பனோட புழு தின்கிற செடிகள்ல அரளியும் ஒண்ணு. உடம்பில் வரி, மேலே கறுப்புக் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அரிக்காது, கடிக்காது. அது கூட்டுப்புழு ஆகும்போது பாக்கணுமே! வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளன்னு இலைக்கு அடியில் தொங்கும். முட்டையில் இருந்து பட்டாம்பூச்சி ஆக ஏறக்குறைய ஒரு மாசம்.

இங்கதான் சிக்கல். அந்த அரளிக்கு மருந்து அடிப்பாங்க. வகுப்பில் ஒரு பிள்ளை கேக்கும்: ‘எங்கப்பா மருந்து அடிக்கிறாரே, அப்ப அவர் பட்டாம்பூச்சியைக் கொல்றாரா?’ இந்தக் கேள்விக்கு ஆசிரியர் என்ன சொல்றாருங்கிறதில்தான் எல்லாம் இருக்கு. ‘ஆமா, தப்பு, வீட்டில் போய்ச் சொல்லு’ன்னு சொல்லாதீங்க. அந்த அரளியில்தான் அந்தப் பிள்ளையோட நோட்டுப் புத்தகம் வருது. அப்பாவைக் குற்றவாளி ஆக்கிட்டு நாம எந்தக் காட்டையும் காப்பாத்த முடியாது. ‘தோட்டத்து அரளி அப்பாவோடது. பள்ளிக்கூட வேலி அரளி நம்மோடது. இதுக்கு நாம மருந்து அடிக்கப் போறதில்லை’ன்னு சொல்லுங்க. நாலு செடி போதும். அரளிப் பாலும் விஷம், அதனால் இலையைக் கிள்ளற வேலை பெரியவங்க மேற்பார்வையில்தான்.

மூணாவது, எண்ணிக்கை. காலாண்டுத் தேர்வு முடிஞ்சு பள்ளி திறக்கிற சமயம்தான் வலசை நேரம். காலையில் வெயில் ஏறினதும் ரெண்டு மின்கம்பத்துக்கு நடுவுல ஒரு கோடு இருக்கிறதா நினைச்சுக்கிட்டு, அஞ்சு நிமிஷத்தில் எத்தனை பூச்சி அதைத் தாண்டுதுன்னு எண்ணச் சொல்லுங்க. எந்தத் திசையில் போகுது, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, மேகமா வெயிலா? நாலே விவரம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதணும். ஒண்ணுமே போகலைன்னா பூஜ்யம்னு எழுதணும், பூஜ்யமும் தகவல்தான். சும்மா பூவைச் சுத்தற பூச்சிக்கும் வலசை போற பூச்சிக்கும் வித்தியாசம் ரெண்டு நாள்ல பிடிபடும். வலசை போறது ஒரே திசையில் போகும். சுவர் வந்தா மேலே ஏறித் தாண்டிப் போகும்.

இந்த நோட்டு வருஷா வருஷம் அடுத்த வகுப்புக்குக் கைமாறணும். ஏன்னா மலைக்காட்டைப் பாத்துக்க வனத்துறை இருக்கு. தமிழ்நாடு அரசு 2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்சதும் நல்ல விஷயம்தான். ஆனா ரெண்டு மலைக்கும் நடுவுல இருக்கிற வழி யாரோட பொறுப்பு? ஓடைப் புறம்போக்கு, வேலிப் புதர், ஏரிக்கரை, கோயில் நிலம். எந்த எல்லைப் பலகையும் இல்லாத இடங்கள். பொக்லைன் வந்து ஒரு நாள்ல சுத்தம் பண்ணிட்டா, அங்கே என்ன இருந்துச்சுன்னு சொல்ல ஆள் இருக்காது. பத்து வருஷ நோட்டு ஒண்ணு பள்ளி பீரோவில் இருந்தா, கிராமசபையில் எடுத்து வச்சுப் பேசலாம்.

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ சுற்றுலா கூட்டிட்டுப் போனா, போட் ஹவுஸ், அருவியோட திரும்பாதீங்க. ஓடையோரம் மர நிழலில் பத்து நிமிஷம் பேசாம நிக்க வைங்க. ஊரில் எண்ணின பூச்சியோட வீடு இதுதான்னு காட்டுங்க.

இந்த வருஷம் காலாண்டு லீவு முடிஞ்சதும் ஆரம்பிச்சுப் பாருங்க. ஒரு நோட்டு, ஒரு பேனா, ரெண்டு மின்கம்பம் போதும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.