உடைமையாளர் குடிக்கூலிக்காரர் ஆயினர்



அமெரிக்காவின் அடோபி என்னும் மென்பொருள் குழுமம் 1990ஆம் ஆண்டில் போட்டோசாப்பை வெளியிட்டது. அன்றுதொட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓவியரும் ஒளிப்படக்காரரும் அச்சகத்தாரும் அதனை ஒருமுறை விலைகொடுத்தே வாங்கினர். புதுப்பதிப்பு வேண்டாதவர் பழையதை வைத்துக்கொண்டே பிழைத்தனர். 2013 மேத் திங்களில் அக்குழுமம் அவ்வழியை அடைத்தது. 2012இல் வந்த ஆறாம் தொகுப்பே இறுதித் தொகுப்பு. இனி வருவன கட்டணம் கட்டிக்கொண்டே இருப்போர்க்கு மட்டும் என்றது. குழுமத்திற்கோ வற்றாத வருவாய். சிறுதொழிலர்க்கோ தீராத கடன்! பணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். கொல்லன் தன் சம்மட்டிக்குக் குடிக்கூலி கட்டியதுண்டா?

சரி, பணம் கட்டினால் போதுமா? போதாது. 2019 ஆகசுட்டில் அமெரிக்க அரசு வெனிசுவேலா அரசின்மேல் தடையாணை பிறப்பித்தது. அதனைக் காட்டி, அந்நாட்டுப் பயனர் கணக்குகளையெல்லாம் அக்டோபர் 28ஆம் நாளோடு மூடிவிடுவதாக அடோபி அறிவித்தது. கட்டிய பணமும் திரும்பாது என்றது முதல் அறிவிப்பு. கராக்கசு நகரில் படம் வரைந்து வயிறு கழுவியவன் என்ன குற்றம் செய்தான்? ஆணை அவன் அரசின்மேல். அடி அவன் சோற்றின்மேல்! எதிர்ப்பு எழுந்தபின் பணத்தைத் திருப்பித் தர இசைந்தது. இறுதியில் அமெரிக்க அரசிடமே இசைவு பெற்றுக் கணக்குகளைத் தொடரவிட்டது. வெனிசுவேலாக்காரன் தன் கணிப்பொறியில் உள்ள கருவியைத் தொடுவதற்கு வாசிங்டன் இசைவு தர வேண்டியிருந்தது!

தமிழ் இதழ்கள் பலவும் இக்குழுமத்தின் கருவிகளிலேதான் பக்கம் கோக்கப்படுகின்றன. படம் திருத்தக் கிம்ப், பக்கம் கோக்க இசுகிரைபசு எனக் கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் அச்சகத்தாருள் எத்தனை பேர் அவற்றைத் தொட்டுப் பார்த்துள்ளனர்?